காருக்கும் ஒரு குக்கர் மூடி உண்டு!

சென்ற இதழில் மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றுவதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின் எல்லாம் சொல்லிக் கொடுத்தீர்கள். வாசலில் நிற்கிற காரை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? ரேடியேட்டரில் கூலன்ட் மாற்றுவதை வீட்டிலேயே செய்துவிடலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா? இரண்டு வயதுக் குழந்தை ஓடியாடுகிற வீடு. எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது."

செய்யலாம், சகோதரி. உங்கள் பயமும் நியாயமானதுதான். வேலை சுலபம், ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவர்கள்கூடப் பக்கத்தில் நின்று செய்ய வைத்துவிடலாம். ஆனால் இரண்டு இடத்தில் ஜாக்கிரதை தப்பினால் வினையாகிவிடும். அந்த இரண்டு ஜாக்கிரதையுமே அடுக்களைக்காரிகளான நமக்குப் பழக்கமானவை. அதனால்தான் இந்த வேலை நடக்கும்போது வீட்டுப் பெண்பிள்ளை கூட இருப்பது நல்லது என்கிறேன்.

எங்கள் ஊர் நாமக்கல். தெருவுக்கு நாலு லாரிக்காரர்கள் இருக்கிற ஊர். என் அண்ணனும் லாரி ஓட்டுகிறவர்தான். எங்கள் வீட்டில் ஒரு பழைய சின்னக் கார் இருக்கிறது. கூலன்ட் மாற்றும் வேலைக்கு நான்தான் மேஸ்திரி. எங்க வீட்டுக்காரர் எடுபிடி. அண்ணன் சொல்லிக் கொடுத்து வருஷக்கணக்காகச் செய்து வருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூலன்ட் எதற்கு?

"நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணீர் ஊற்றினால் போதாதா? பனியா பெய்கிறது இங்கே?" என்று பலபேர் கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம். கூலன்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைகால் என்ற திரவமும், துரு பிடிக்காமல் காக்கும் சில மருந்துகளும் சேர்ந்தது. சரிபாதி தண்ணீர் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. இந்தக் குணம் காஷ்மீரத்துக்காரர்களுக்குத்தான் அதிகம் பிரயோஜனம். நமக்கு வேண்டியது மற்ற இரண்டு குணங்கள்.

முதலாவது, அது சீக்கிரம் கொதிக்காது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். எஞ்சின் ஓடும்போதோ உள்ளே இருக்கும் நீர் சாதாரணமாகவே 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏறினால் சொல்லவே வேண்டாம். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், ரேடியேட்டர் மூடி போட்டு அழுத்தத்தில் இருக்கும்போது 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும்.

இரண்டாவது, துரு. எங்கள் ஊர் போர் தண்ணீரை வெந்நீர் அண்டாவில் ஆறு மாதம் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் பாறை மாதிரி உப்புப் படிகிறதே, அதேதான் எஞ்சினுக்குள்ளும் நடக்கும். ரேடியேட்டரின் குழாய்கள் ஒல்லியானவை. கொஞ்சம் உப்பு அடைத்தாலே சூடு வெளியேறாது. கூலன்ட்டில் இருக்கிற மருந்து துருவைத் தடுக்கும். ஆனால் அந்த மருந்துக்கும் ஆயுசு உண்டு. அது தீர்ந்துபோனால் கூலன்ட் நிறம் மாறாமல் இருந்தாலும் காவல் போய்விடும். அதனால்தான் மாற்றச் சொல்கிறார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? பழைய வகைப் பச்சைக் கூலன்ட்டுக்குச் சுமார் 2 வருஷம். இப்போது வருகிற நீண்ட ஆயுள் வகைகளுக்கு 5 வருஷமோ அதற்கு மேலோ. உங்கள் காரோடு கொடுத்த கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, நீலம், சிவப்பு, ரோஜா நிறம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் சொன்ன வகையைப் பெயர் பார்த்து வாங்குங்கள். இரண்டு வகையை ஒன்றாகக் கலக்கவே கூடாது; சில வகைகள் சேர்ந்தால் உள்ளே கூழாகிவிடும்.

முதல் ஜாக்கிரதை: ஆவி அடங்கட்டும்

ரேடியேட்டர் மூடி சாதாரண மூடி இல்லை. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. குக்கருக்கு வெயிட் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையை அந்த ஸ்பிரிங் செய்கிறது. அழுத்தமும் ஏறக்குறைய குக்கர் அளவுக்கே இருக்கும். குக்கர் விசிலடித்துக் கொண்டிருக்கும்போது மூடியைத் திருகுவோமா? ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் படித்த ஆண்பிள்ளைகள் காரை ஓரம் கட்டிய கையோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக் கொள்கிறார்கள். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடுவதால், உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் நீர் ஒரேயடியாகக் கொதித்துப் பீறிட்டு அடிக்கும்.

ஆகவே வண்டியை ஓட்டி வந்த அன்று இந்த வேலை வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், விடிகாலையில் செய்யுங்கள். எஞ்சினின் மேல் கையை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். அப்போதும் ஒரு கனத்த துணியை மூடியின் மேல் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மெதுவாகக் கால்வாசி திருகி நிறுத்துங்கள். 'உஸ்' என்ற சத்தம் துளி வந்தாலும் விட்டுவிடுங்கள். சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்கின் மூடிதான் அந்த அழுத்த மூடி. அதற்கும் இதே விதிதான்.

இன்னொன்று. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற மின்விசிறி சாவியை எடுத்த பிறகும் சூடு இருந்தால் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக் கொள்ளுங்கள். பின்னலைக் கொண்டையாகப் போடுங்கள். துப்பட்டாவை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது ஜாக்கிரதை: ரோஸ்மில்க் இல்லை கண்ணே!

இதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எத்திலீன் கிளைகால் விஷம். அதுவும் இனிக்கிற விஷம். கசந்தால் குழந்தை துப்பிவிடும். இது இனிப்பதால் துப்பாது. நாய், பூனை, கோழி எல்லாம் நக்கும். ஒரு பூனையைக் கொல்ல ஒரு டீஸ்பூன் அளவே போதும்.

போன வருஷம் எங்கள் நாத்தனார் வீட்டில் நடந்தது. வண்டியைச் சர்வீஸுக்கு விட்டிருந்தார்கள். வேலை முடித்தவர்கள், மிச்சமான கூலன்ட்டைக் காலியான ஒரு குளிர்பான பாட்டிலில் ஊற்றிப் பின்சீட்டுக்குக் கீழே வைத்து அனுப்பிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். கூலன்ட் அழகான ரோஜா நிறம். மறுநாள் கார்க் கதவு திறந்திருந்தது. நாத்தனாரின் பேரன், இரண்டரை வயசு, பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"அம்மத்தா, ரோஸ்மில்க்கு! தொறந்து குடு!" என்றான்.

மூடி இறுக்கமாக இருந்ததால், திறந்து தரச் சொல்லி பாட்டியிடம் வந்தான். மூடி தளர்வாக இருந்திருந்தால் அவன் யாரிடமும் கேட்டிருக்க மாட்டான். நாத்தனார் மோந்து பார்த்து, சந்தேகப்பட்டு, என் அண்ணனுக்குப் போன் போட்டார். "அதக் கீழ கூட வெக்காதீங்க, முதல்ல பையன் கையக் கழுவுங்க" என்று அண்ணன் போனிலேயே கத்தினாராம். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் குடும்பத்து விஷம் எப்பேர்ப்பட்டது என்று நாம் பத்திரிகையில் படித்துத்தான் இருக்கிறோம். 2022ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் இருமல் மருந்து குடித்த ஏறக்குறைய 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்தில் எத்திலீன் கிளைகாலும், அதன் உடன்பிறப்பான டைஎத்திலீன் கிளைகாலும் கலந்திருந்தன. 2025ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பக்கம் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் இருந்தது டைஎத்திலீன் கிளைகால். அங்கே மருந்து ரூபத்தில் வந்த எமன், வீட்டிலே பாட்டில் ரூபத்தில் வர நாமே இடம் கொடுக்கலாமா?

ஆகவே விதி ஒன்றே ஒன்று. கூலன்ட், புதுசோ பழசோ, அதன் சொந்தக் கேனை விட்டு வேறு எந்தப் பாட்டிலுக்கும் போகக் கூடாது. தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில், பால் தூக்கு, சொம்பு, டம்ளர் எதிலும் கூடாது. அளந்து ஊற்ற ஒரு குவளை வேண்டுமானால், அதைச் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டு, கார் சாமானோடேயே வைத்துவிடுங்கள். மறுபடி அது அடுக்களைக்குத் திரும்பக் கூடாது.

வேலையை ஆரம்பிப்போம்

குழந்தையை அன்றைக்கு அம்மா வீட்டுக்கோ அடுத்த வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். நாயைக் கட்டுங்கள். கோழியைக் கூடையால் மூடுங்கள். நான் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் வைத்துக் கொள்வேன். நடுநடுவே வண்டி ஆற வேண்டியிருப்பதால் பொழுது முழுக்கப் பிடிக்கும்.

வேண்டிய சாமான்கள்: கையேட்டில் சொன்ன கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், அகலமான பழைய பிளாஸ்டிக் பேசின், புனல், கட்டிங் பிளேயர், ரப்பர் கையுறை, பழைய துணி, கொஞ்சம் மணல் அல்லது மரத்தூள், பழசை ஊற்றி வைக்க மூடியுள்ள காலி கூலன்ட் கேன்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு அடியில் நுழைகிற வேலை வேண்டவே வேண்டாம். எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டியிருப்பதால் அடைத்த ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.

மூடியைத் திறந்த பிறகு, ரேடியேட்டரின் அடியில் ஓர் ஓரமாக இருக்கும் வடிகால் திருகைப் பாருங்கள். அதன் கீழே பேசினை வைத்து, திருகைத் தளர்த்தினால் பழைய கூலன்ட் வடியும். திருகு இல்லாத வண்டியானால், அடியில் இருக்கும் தடித்த ரப்பர் ஓஸின் கிளிப்பைப் பிளேயரால் பிடித்து நகர்த்தி, ஓஸை மெதுவாகக் கழற்ற வேண்டும். அது படக்கென்று கொட்டும். பேசின் பெரிதாக இருக்கட்டும். பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் டேங்கில் இருப்பதையும் எடுத்துவிடுங்கள். வடிந்ததை அப்போதைக்கப்போதே கேனில் ஊற்றி மூடுங்கள். போன் வந்தது, காப்பி குடிக்கப் போனேன் என்று பேசினைத் திறந்துபோட்டுவிட்டு நகரக் கூடாது.

பிறகு கழுவுகிற கட்டம். திருகை மூடி, நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். நாங்கள் காவிரித் தண்ணீர்தான் ஊற்றுவோம். போர் தண்ணீர் வேண்டாம். மூடியைப் போட்டு, ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி, எஞ்சினை ஓட விடுங்கள். ஹீட்டருக்குப் போகிற குழாயிலும் தண்ணீர் ஓடி அழுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் இது. உள்ளே தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வாயில் இருக்கிறது. நீர் சுமார் 80, 85 டிகிரி ஆனால்தான் அது திறந்து, எஞ்சின் நீரை ரேடியேட்டருக்கு விடும். மேல் ஓஸ் நன்றாகச் சூடேறிவிட்டது என்றால் வாயில் திறந்துவிட்டது என்று அர்த்தம். எஞ்சினை நிறுத்துங்கள். மறுபடி முழுக்க ஆற விடுங்கள். அவசரப்பட வேண்டாம், சமையலை முடித்துச் சாப்பிட்டுவிட்டே வரலாம். ஆறியதும் வடியுங்கள்.

வடிகிற தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை இதேபோல இரண்டு மூன்று முறை. கடைசித் தடவை மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அலசி எடுங்கள்.

நிரப்புவதில் ஒரு கணக்கு

எவ்வளவு வடித்தாலும் எஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். இந்த நிலையில் கலந்தே விற்கிற கூலன்ட்டை ஊற்றினால், உள்ளே தங்கிய தண்ணீரோடு சேர்ந்து நீர்த்துப் போகும். ஆகையால் கழுவிய வண்டிக்குக் கலக்காத கூலன்ட்தான் சௌகரியம். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்று இருந்தால், முதலில் 2 லிட்டர் கூலன்ட்டை முழுசாக ஊற்றிவிடுங்கள். மிச்சத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். பாதிக்குப் பாதி தானாக அமைந்துவிடும். "நல்லதுதானே, முழுக்கவே கூலன்ட் ஊற்றலாமே" என்று நினைக்காதீர்கள். சூட்டை வாங்கிக் கடத்துவதில் தண்ணீருக்கு இணை இல்லை. தண்ணீர் இல்லாத கூலன்ட் வண்டியை இன்னும் சூடாக்கும். உப்பு கூடினாலும் குறைந்தாலும் குழம்பு கெடும் கதைதான்.

மெதுவாக ஊற்றுங்கள், காற்றுக் குமிழி தங்கக் கூடாது. பிறகு மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினைச் சும்மா ஓட விட்டால், குமிழிகள் மேலே வரும், மட்டம் இறங்கும், அதற்கேற்ப ஊற்ற வேண்டும். அந்த நேரத்தில் எட்டிப் பார்க்காமல் தள்ளி நில்லுங்கள், சில சமயம் மேலே தெறிக்கும். காற்றை வெளியேற்றச் சில வண்டிகளில் தனித் திருகு உண்டு, கையேட்டைப் பாருங்கள். குமிழி நின்றதும் மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் டேங்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டம் வையுங்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கினால் ஊற்றலாம். இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

கீழே சிந்தியதை மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். வடித்த பழசை, முதல் தடவை கழுவிய தண்ணீரையும் சேர்த்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் பெரிய சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். சாக்கடையிலோ, வாழை மரத்தடியிலோ, கிணற்றோரமோ கொட்டக் கூடாது. அதுவரை கேனின் மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதி, பூட்டுகிற இடத்தில் வையுங்கள்.

யாராவது குடித்துவிட்டால்

ஒரு வாய்தானே என்று இருக்காதீர்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கேனையும் கூட எடுத்துப் போங்கள்; என்ன திரவம் என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு வழி தெரியும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல், முட்டை வெள்ளை, மோர் என்று கைவைத்தியம் செய்து நேரத்தைப் போக்காதீர்கள்.

முதலில் போதை ஏறியவர் மாதிரி தள்ளாட்டம், குளறல், வாந்தி இருக்கும். பிறகு கொஞ்சம் தெளிந்த மாதிரிகூடத் தோன்றலாம். அதை நம்பி ஏமாறக் கூடாது. அந்த நேரத்தில்தான் உடம்பு அந்தத் திரவத்தை அமிலமாக மாற்றிக்கொண்டிருக்கும். மூச்சு வேகமாகும், இருதயம் பாதிக்கும், ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகத்தில் படிகங்கள் அடைத்துச் சிறுநீர் நின்றுபோகும். உடம்பு அதை அமிலமாக மாற்றுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தால், தடுக்க மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. பிழைப்பதும் பிழைக்காததும் எத்தனை மணி நேரத்தில் போனோம் என்பதில்தான்.

இதெல்லாம் மெக்கானிக் வேலை

வடித்த கூலன்ட் பால் காப்பி மாதிரி கலங்கி, எண்ணெய் மிதந்தால். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால். காருக்குள் இனிப்பு வாசனை அடித்து, கால் மிதியடி நனைந்தால், நாம் கை வைக்க வேண்டாம். அதேபோல ஹைபிரிட், பேட்டரி கார்களின் குளிர்விக்கும் வேலையையும் கம்பெனிக்காரர்களிடமே விட்டுவிடுங்கள்.

வழியில் சூட்டு முள் ஏறினால், ஏ.சி.யை நிறுத்தி, ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, இறங்கிக் குழந்தைகளோடு நிழலில் உட்காருங்கள். "பச்சத் தண்ணியத் தூக்கி எஞ்சின் மேல ஊத்துனா இரும்பு வெடிச்சுப் போயிரும் அம்மிணி, அரை மணி நேரம் பொறுத்தா ஆயிரக்கணக்குல மிச்சம்" என்பார் அண்ணன். அரை மணிக்குப் பிறகும் மூடியில் சூடு இருந்தால், இன்னும் பொறுங்கள்.

வேலை முடிந்ததும் தேதி, எந்த வகைக் கூலன்ட், கிலோமீட்டர் எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஊறுகாய் ஜாடிக்குத் தேதி ஒட்டுகிற நமக்கு இது பெரிய காரியமா? கையுறையைக் கழுவிக் காயப்போட்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியைப் பராமரிப்பது எப்படி என்று பார்ப்போம்.